பள்ளிக்கூடம் போகும் வழி
(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இரட்டைமலை சீனிவாசன் மறைந்தார். அவர் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் கல்வி பற்றிப் பேசுமாறு மன்றத்துத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். கல்வி என்றவுடன் நாம் வழக்கமாகப் புத்தகம், ஆசிரியர், தேர்வு, இடஒதுக்கீடு என்று பேசத் தொடங்குகிறோம். நான் இன்று அவற்றுக்கெல்லாம் முந்திய ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பள்ளிக்கூடம் எந்த இடத்தில் இருந்தது, அங்கே போகும் வழி யாருடைய கையில் இருந்தது என்பதே அது. சென்னை மாகாணத்தில் நம் மக்களின் கல்வி வரலாற்றை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தால், இன்று நம் முன்னால் இருக்கும் ஒரு சிக்கலுக்கும் விடை தேடலாம் என்பது என் நம்பிக்கை.

மணி அடித்த பிறகு

சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்பது நூலின் பெயர். அளவில் சிறிய நூல். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சில வரிகள்தான் வருகின்றன. அந்தப் பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். மற்றப் பையன்களோடு பழகினால் தன் குலமும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று சிறுவனுக்குப் பயம். எனவே பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் மற்றவர்கள் தன்னை எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு விரைவார். விளையாட்டு கிடையாது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. இன்றைய கொள்கை ஆய்வாளர் ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்தால், ஒரு தாழ்த்தப்பட்ட மாணவர் கல்வியில் சேர்க்கப்பட்டுவிட்டார் என்று எண்ணிக் கணக்கில் எழுதிக்கொள்வார். மணி அடிப்பதற்கு முன் அவன் எங்கே இருந்தான், மணி அடித்த பின் ஏன் ஓடினான் என்பது எந்தக் கணக்கிலும் வராது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்து, எண்பது வயதை நெருங்கிய ஒரு திவான் பகதூர் தம் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தபோது, மறக்காமல் எழுதியது அதைத்தான்.

அவரோடு 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன டாக்டர் அம்பேத்கரின் பள்ளி நினைவும் இதற்கு அண்டையில் நிற்பதே. உட்கார்வதற்குத் தன் கோணியைத் தானே கொண்டுபோய், தானே திரும்ப எடுத்துவர வேண்டும். பள்ளிச் சிப்பந்தி குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். இருவரும் படித்தவர்கள். இருவரும் அரசு ஏற்ற பள்ளிகளில் படித்தவர்கள். பள்ளிக்குள் போன பின்னும் பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள்.

காகிதத்தில் திறந்த கதவு

நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உரிமை இல்லை என்று சட்டம் சொன்னதால்தான் நாம் படிக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலேய அரசின் ஆவணங்களைப் பார்த்தால் நிலைமை வேறு. 1856இல் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர மனுச் செய்தான். பம்பாய் அரசாங்கம் மறுத்துவிட்டது. ஒரு பையனுக்காக மற்ற எல்லோரும் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்த விவகாரம் மேலே போனது. 1858இல் கம்பெனியின் இயக்குநர் சபை ஒரு முடிவு சொன்னது: அரசின் பணத்தில் நடக்கும் பள்ளியில் சாதியைக் காரணம் காட்டி எந்தச் சிறுவனையும் மறுக்கக் கூடாது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் கமிஷனும் இந்தக் கொள்கையை உறுதிசெய்தது. ஆனால் கூடவே, எதிர்ப்பு இருக்கும் இடங்களில் தாழ்த்தப்பட்டவர்களுக்கெனத் தனிப் பள்ளிகளையோ வகுப்புகளையோ ஏற்படுத்தலாம் என்றும் சொன்னது.

தனிப் பள்ளி என்ற யோசனை எங்கிருந்து பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் ஒதுங்கிப் படிக்க விரும்பியதால் அது பிறக்கவில்லை. பொதுப் பள்ளியின் கதவைத் திறக்க உத்தரவு போட்ட அரசுக்கு, அந்த உத்தரவை நிறைவேற்றத் துணிவில்லை. அந்தத் துணிவின்மைக்குக் கண்டுபிடித்த மாற்றுவழிதான் தனிப் பள்ளி. நம் முன்னோர் செய்த காரியம் என்னவென்றால், அந்த மாற்றுவழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதைத் தங்களுடைய வழியாக ஆக்கிக்கொண்டதுதான்.

செங்கல்பட்டு: நத்தமும் பள்ளியும்

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். இன்று பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் நிலங்களின் கதை அங்கே தொடங்குகிறது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் தாழ்த்தப்பட்டோருக்கென நிலம் ஒதுக்க வழிசெய்தது. நிலத்துக்காகப் பேசப்படும் அறிக்கை அது. கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் அதை எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

ஏனென்றால், டிரெமென்ஹீர் கூலி, கடன், படியாள் முறை, குடியிருப்பு மனை, விவசாய நிலம், கல்வி ஆகியவற்றை ஒரே முடிச்சாகப் பார்த்தார். சேரியில் இருப்பவனுக்குத் தான் குடியிருக்கும் நத்தம்கூடச் சொந்தமில்லை. அது மிராசுதாரின் உரிமைக்குள் இருந்தது. அவர் சொன்னபடி கேட்காதவனைக் குடிசையோடு வெளியேற்ற முடியும். இந்த நிலையில் ஒரு சேரியில் பள்ளிக்கூடம் வைப்பது என்றால் என்ன அர்த்தம்? முதலில் அது நிற்க ஒரு துண்டு நிலம் வேண்டும். அந்தத் துண்டு நிலம் மிராசுதாரின் கையில். பையன் பள்ளிக்கு வந்தால் மாடு மேய்க்க ஆள் குறையும். அந்த மாடும் அவருடையது. பையனைப் பள்ளிக்கு அனுப்பிய அப்பனின் மனையும் அவருடையது. மிஷனரிகள் சேரிகளில் பள்ளி கட்ட முயன்றபோது கிளம்பிய தகராறுகளின் வேர் இதுதான்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரியில், கல்வித் துறையில் ஓர் ஆணை வந்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டது. சேரிகளில் பள்ளி வைக்கப் புறம்போக்கு நிலம் தருவது, அத்தகைய பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் தருவது, பஞ்சமர்கள் ஆசிரியர் பயிற்சி பெற உபகாரச் சம்பளம் தருவது ஆகியவை அதன் சாரம். நிலம், பணம், ஆசிரியர் என்ற வரிசையைக் கவனியுங்கள். பள்ளி நிற்க மிராசுதாரிடம் கேட்க வேண்டாத இடம், ஆசிரியருக்குச் சம்பளம், அந்த ஆசிரியரும் சேரிக்குள் வரத் தயங்காத நம்மவராக இருக்க ஒரு வழி. 1858ஆம் ஆண்டு முடிவு ஒரு கொள்கையைச் சொன்னது. 1893ஆம் ஆண்டு ஆணை அந்தக் கொள்கை காலூன்ற ஒரு மனையைத் தந்தது. நடைமுறையில் அந்த மானியத்தால் பெரும்பாலும் மிஷன் பள்ளிகளே பயன்பெற்றன. ஆனாலும் சேரிக்குள் ஒரு கூரைக்கொட்டகையில் கரும்பலகை தொங்க அது காரணமாயிற்று.

நம்மவர் கேட்டது

இந்த ஆணைகளையெல்லாம் நல்ல மனம் படைத்த வெள்ளைக்காரர்களின் கொடை என்று எழுதும் வழக்கம் உண்டு. காலத்தை வரிசைப்படுத்தினால் அது நிற்காது. 1891 டிசம்பரில் நீலகிரியில் கூடிய திராவிட மகாஜன சபையில், பண்டிதர் அயோத்திதாசர் முன்னின்று நிறைவேற்றிய கோரிக்கைகளில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும், மேலே படிப்பவர்களுக்கு உதவித்தொகையும் இடம்பெற்றிருந்தன. அதே 1891இல் சீனிவாசன் பறையர் மகாஜன சபையை ஏற்படுத்தினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். கேட்டவர்கள் இருந்தார்கள். அதனால்தான் கொடுக்க வேண்டியதாயிற்று.

1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசர் நீலகிரிப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். அங்கே நடந்ததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் நம்மவர்களை விடவேண்டும் என்று அவர் கேட்டார். சபை எழுந்து கூச்சலிட்டது. உங்களுக்கு மதுரைவீரன், காட்டேரி போன்ற தெய்வங்கள் இருக்கின்றன, இவை உங்களுக்கு உரியவை அல்ல என்று ஒருவர் பதில் சொன்னார். அயோத்திதாசர், அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசப் பள்ளியும், கிராமங்களில் கிடக்கும் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். அதற்குச் சபை இசைந்தது.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் கோயில் நுழைவு வரலாற்றில் வைத்துப் படிக்கிறோம். கல்விக் கொள்கையின் வரலாற்றிலும் வைத்துப் படிக்க வேண்டும். அன்று அவர் பள்ளியை மட்டும் தனியாகக் கேட்கவில்லை. பள்ளியையும் நிலத்தையும் ஒரே மூச்சில் கேட்டார். நிலம் இல்லாதவனின் பிள்ளை பள்ளிக்கு வந்தாலும் அறுவடைக் காலத்தில் திரும்பப் பிடித்துப் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அயோத்திதாசரின் நட்பும் தூண்டுதலும் கர்னல் ஆல்காட்டின் வேலைக்குப் பின்னால் இருந்தன. 1894இல் அடையாறில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி இன்றும் அவர் பெயரில் இயங்கிவருகிறது. அதைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று நகரத்தின் சேரிகளை ஒட்டிப் பள்ளிகள் வந்தன. மயிலாப்பூரில் ஒரு பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. ஆல்காட்டின் உழைப்பை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அவருடைய எதிர்பார்ப்பு தொடக்கக் கல்விக்கு மேலே அதிகம் போகவில்லை. கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், கைக்கு ஒரு தொழில். நீலகிரித் தீர்மானமோ மேல்படிப்புக்கும் உதவித்தொகை கேட்டது. உதவ வந்தவர் எதைப் போதும் என்று நினைத்தார், உரியவர்கள் எதைக் கேட்டார்கள் என்ற இந்த இடைவெளி, இன்றுவரை எல்லா நலத்திட்டங்களிலும் இருக்கிறது.

கல்வியை நாமே நடத்துவோம் என்று எழுந்தவர்களும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தினார். எந்த ஊரின் கோயில் வாசலில் நந்தனார் நிறுத்தப்பட்டாரோ அந்த ஊரிலேயே, அவர் பெயரிலேயே ஒரு பள்ளி. சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலெல்லாம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு விளக்கு வைத்த பிறகு எழுத்து. பள்ளியின் இடத்தை மட்டுமல்லாமல் பள்ளியின் நேரத்தையும் நம் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிய சிந்தனை அது.

8,157இல் 609

இனி இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். 1919 மார்ச் மாதத்தில் சென்னை அரசு ஓர் ஆணை வெளியிட்டது. மாவட்ட வாரியங்களும் நகராட்சிகளும் அனுப்பிய விவரங்கள் அதில் தொகுக்கப்பட்டிருந்தன. மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகள் 8,157. அவற்றில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகள் 609. நூற்றுக்கு ஏழரை. சாதியைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 1858இல் சொல்லி 61 ஆண்டுகள் கழிந்த பிறகு எடுத்த கணக்கு இது.

ஏன் சேர்க்கவில்லை? சொல்லப்பட்ட காரணங்களைப் பாருங்கள். பள்ளி அக்கிரகாரத்தில் இருக்கிறது. பள்ளி கோயில் வளாகத்தில் நடக்கிறது. பள்ளி ஊர்ச் சாவடியில் நடக்கிறது. பள்ளி வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது, கட்டடத்தின் சொந்தக்காரர் சம்மதிக்க மாட்டார். உங்கள் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல வேண்டிய அவசியமே எவருக்கும் வரவில்லை. பள்ளியைக் கொண்டுபோய் அந்தத் தெருவில் வைத்தால் போதும். மீதியைத் தெரு பார்த்துக்கொள்ளும். எல்லோருடைய வரிப் பணத்திலும் நடந்த பள்ளிகள் அவை. நம் பிள்ளைகள் நடக்கக் கூடாத தெருக்களில் நின்றன.

அரசு இதைப் புரிந்துகொண்டது. நம்மவர்கள் அணுக முடியாத இடங்களில் இருக்கும் பள்ளிகளை அணுகக்கூடிய இடங்களுக்கு மாற்றச் சொன்னது. ஆனால் ஊர்த் தெருவைத் திறக்க அது போதவில்லை. அந்த வேலையை முன்னெடுத்தவர், மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன அந்தக் கோயம்புத்தூர்ப் பையன். 1924இல் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவரானாலும் பொதுச்சாலையில், தெருவில் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம், பொது இடம் எதையும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். அந்த ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி அது அரசாணையாக வெளிவந்தது. அதைச் சாலை உரிமை ஆணை என்று சொல்கிறோம். அது ஒரு கல்வி ஆணையும்கூட என்று நான் சொல்வேன். பள்ளிக்கு வெளியே ஒதுங்கி நின்றவர், பள்ளிக்குப் போகும் வழியைச் சட்டமாக்கினார்.

இன்று உள்ளடக்கிய கல்வி, உள்ளடக்கிய வளர்ச்சி என்று பேசுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப்பள்ளி என்று தூரத்துக்கு ஓர் அளவு வைத்தார்கள். நல்ல அளவு, தேவையான அளவு. ஆனால் கிலோமீட்டர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதை அந்த அளவு கேட்பதில்லை. வரைபடத்தில் 300 மீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளி, ஒரு காலனிப் பெண்பிள்ளைக்கு மூன்று டீக்கடைகளையும் ஒரு திண்ணையையும் கடந்து போக வேண்டிய பள்ளி. வளரும் நாடுகளின் கல்வியை ஆராய்பவர்கள் எல்லோரும் 1919ஆம் ஆண்டின் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: 8,157இல் 609.

தெருவைப் போலவே தட்டும். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்தது இன்றைய சத்துணவு. பசியோடு வந்த பிள்ளையைப் பள்ளியில் இருக்க வைத்த மகத்தான திட்டம். நம் பிள்ளைகள் அதனால் படித்தார்கள். ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமைக்க வந்த பெண் தலித் என்பதால், அந்தச் சோற்றை எங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். முதலில் மாற்றப்பட்டது அந்த அம்மாதான். போராட்டத்துக்குப் பிறகே அவர் அதே பள்ளிக்குத் திரும்பினார். தலித் குழந்தை சாப்பிட வரலாம் என்பதை ஒப்புக்கொண்டவர்களால், தலித் பெண் சமைக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெறுகிறவர்களாக மட்டும் இருக்கும்வரை நம்மை உள்ளே விடுவார்கள். கொடுக்கும் இடத்துக்குப் போகும்போது கதவு நகரும்.

லேபர் பள்ளிக்கூடம்

1919-20இல் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கெனத் தனி அதிகாரியை நியமித்த சென்னை அரசு, அந்தப் பொறுப்பைத் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. குடியிருப்பு மனை, குடிநீர்க் கிணறு, சுடுகாட்டுப் பாதை, கூட்டுறவுச் சங்கம், பள்ளி, விடுதி, உதவித்தொகை எல்லாம் அதன் பணி. அந்தத் துறை நடத்திய பள்ளிகளுக்குத்தான் கிராமங்களில் லேபர் ஸ்கூல் என்று பெயர். அந்தத் துறை எல்லோருக்கும் பிடித்ததாக இல்லை. 1921இல் பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தபோது, ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர்களே அத்துறையைத் தாக்கினார்கள். 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசாணை ஆக்கிய எம்.சி. ராஜா, அடுத்த ஆண்டு அக்கட்சியை விட்டு விலகினார். அவரே ஓர் ஆசிரியர் என்பதை மறந்துவிடக் கூடாது. நமக்கென ஒரு துறை இருப்பது எத்தனை பேரின் கண்ணை உறுத்தும் என்பது நூறு ஆண்டுப் பழைய பாடம்.

லேபர் பள்ளி பின்னர் அரிசன நலப் பள்ளி ஆயிற்று. பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளி. நான் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன். எங்கள் ஆயா கடைசிவரை அதை லேபர் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்லும். காலனிக்குள் ஓட்டுக் கட்டடம், இரண்டு வாத்தியார்கள், ஒரு புங்கமரம். கிணற்றுக்குப் போகிற அம்மாமார்கள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, என் பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறதா சார் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வாத்தியாரிடம் நேருக்கு நேர் அப்படிக் கேட்கலாம் என்பது எவ்வளவு பெரிய உரிமை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் இருந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். ஒரு நாள் வகுப்பில், ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க என்றார் ஆசிரியர். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பாரத்தில் கையெழுத்து வாங்கத்தான் சொன்னார். ஏழு பேர் எழுந்தோம். உட்கார்ந்த பிறகு வகுப்பு பழைய வகுப்பாக இல்லை. அம்மா அந்தப் பள்ளிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

அந்த உதவித்தொகையின் வரலாறும் சாதாரணமானது அல்ல. வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர் வாதாடிப் பெற்றது, ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய். அதிலிருந்துதான் தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேல்படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் கிளைத்தது. ஏழு பேரை எழுப்பி நிறுத்திய அந்தப் பாரத்துக்குப் பின்னால் அத்தனை உழைப்பு இருந்தது.

இந்தியாவில் தாழ்த்தப்பட்டோரின் எழுத்தறிவு 1961இல் நூற்றுக்குப் பத்தரைகூட இல்லை, 2011இல் அறுபத்தாறு. தமிழ்நாட்டில் 2011இல் மொத்த எழுத்தறிவு 80.1 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோரிடையே 73.3. இந்தத் தூரத்தை நடந்து கடந்ததில் லேபர் பள்ளிக்கும், விடுதிக்கும், உதவித்தொகைக்கும் பெரும்பங்கு உண்டு. இந்த அரங்கில் இருப்பவர்கள் கையைத் தூக்கினால் அதற்குச் சாட்சி கிடைத்துவிடும்.

இணைப்பு என்னும் கேள்வி

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலத் துறை, கள்ளர் சீரமைப்புத் துறை முதலானவை நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்றும், எல்லாப் பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் வரவேண்டும் என்றும் சொன்னது.

நம் தோழர்களிடையே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒரு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழிலேயே பள்ளியின் பெயர் அவன் சாதியைச் சொல்லிவிடுகிறது, அது ஒழியட்டும் என்பது ஒன்று. நமக்கென்று மிஞ்சியிருக்கும் கட்டடம், நிலம், பணியிடம், நிதி எல்லாம் பெருந்துறைக்குள் கரைந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பல பள்ளிகளில் ஆசிரியர் பணியிடம் காலி, கழிப்பறை சரியில்லை, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த நிலையிலேயே அப்படியே காப்போம் என்று சொல்வது சீனிவாசனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

என் கருத்தைச் சொல்கிறேன். பொதுப் பள்ளிதான் நம் இலக்கு. அயோத்திதாசருக்கும் சீனிவாசனுக்கும் ராஜாவுக்கும் அதுவே இலக்கு. ஆனால் அரசு நம்மிடம் “எல்லாப் பள்ளியும் எல்லோருக்கும்” என்று சொல்வது இது முதல் முறை அல்ல. 1858இல் சொன்னது, 1882இல் சொன்னது. ஒவ்வொரு முறையும் பெயர் பொதுவாக இருந்தது, வழி பொதுவாக இல்லை. எனவே இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். காலனியில் இருக்கும் பள்ளியை மூடி ஊர்ப் பள்ளியோடு சேர்ப்பார்களா, அல்லது ஊர்ப் பிள்ளைகள் காலனிப் பள்ளிக்கு வருவார்களா? பள்ளியின் நிலம் யார் பெயரில் இருக்கும்? நமக்கென ஒதுக்கிய நிதி நம் பிள்ளைகளுக்கே செலவாகிறது என்பதை யார் தணிக்கை செய்வார்கள்? தலைமையாசிரியர் நாற்காலியில் நம்மவர்கள் எத்தனை பேர் உட்காருவார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் அம்மாமார்களின் குரல் எடுபடுமா?

முதல் கேள்விதான் எல்லாவற்றுக்கும் உரைகல். இணைப்பு என்று சொல்லும்போது எப்போதும் நம் பிள்ளை அந்தப் பக்கம் நடப்பதாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். நூறு ஆண்டுகளாக ஒரு திசையில் மட்டும் நடந்தாயிற்று. காலனிக்குள் இருக்கும் பள்ளியை வட்டாரத்திலேயே மிகச் சிறந்த பள்ளியாக ஆக்குங்கள். ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல், நல்ல ஆசிரியர் எல்லாம் அங்கே வையுங்கள். ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்காகக் காலனித் தெருவில் நடந்து வரட்டும். அப்படி ஒரு பள்ளியாவது வந்தால், அதன் பெயர்ப்பலகையை மாற்ற நானே ஏணி பிடிக்கிறேன்.

சீனிவாசன் படித்த காலத்துக்கும் நமக்கும் இடையில் நூற்றைம்பது ஆண்டுகள் போல ஆகிவிட்டன. இந்த அரங்கின் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் உங்கள் பள்ளியில், உங்கள் கல்லூரியில், மணி அடிப்பதற்கு முன் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? நண்பர்களோடு நடுமைதானத்தில் என்றால், நம் முன்னோர் பட்ட பாடு வீண்போகவில்லை. ஓர் ஓரத்தில், யாரும் கேட்காதபடி என்றால், அதை எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஒரு மன்றம் இருப்பது அதற்காகத்தான்.